உயிருள்ள பைனில் குடையும் மரங்கொத்தி

மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்டுப்போன மரத்தைத்தான் குடையும். உளுத்த மரம் அலகுக்கு எளிதில் இடம் கொடுக்கும். அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் ரெட்-காக்கேடட் மரங்கொத்தி அப்படியில்லை. உயிரோடு நிற்கும் பைன் மரத்தில்தான் அதற்குப் பொந்து வேண்டும். அதுவும் ஏறக்குறைய எண்பது வயதைத் தாண்டிய மரம். அந்த வயதில்தான் ஒருவகைப் பூஞ்சை தாக்கி, மரத்தின் வைரப்பகுதி இளகத் தொடங்கும்.

ஏறக்குறைய ஐம்பது கிராம் எடையே உள்ள இந்தப் பறவை ஒரு பொந்தைக் குடைந்து முடிக்க ஓராண்டு ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். குடைந்த பிறகும் வேலை ஓயாது. பொந்தின் வாயைச் சுற்றிப் பட்டையில் சிறு குழிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். அவற்றிலிருந்து பிசின் வழிந்து, உருகிய மெழுகுபோல மரமெங்கும் வெள்ளையாக உறையும். மரமேறி முட்டையைத் தின்ன வரும் சாரைப்பாம்பின் செதில்களில் அந்தப் பிசின் ஒட்டிக்கொண்டால் பாம்பால் மேலே ஏற முடியாது. செத்த மரத்தில் இந்தக் காவல் கிடைக்காது.

குஞ்சு வளர்ப்பது குடும்ப வேலை. முந்தைய ஆண்டுகளில் பிறந்த மகன்கள் பெற்றோருடனேயே தங்கி, அடைகாக்கவும் இரையூட்டவும் உதவும்.

வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் இந்தப் பறவையின் வாழிடமான லாங்லீஃப் பைன் காடு பரந்திருந்தது. மரத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டியதுபோக, மிஞ்சியது மிகச் சொற்பம். மிஞ்சிய காட்டிலும் தீயை முற்றாக அணைத்ததுதான் பெரிய கேடாக முடிந்தது. மின்னலாலும் பழங்குடி மக்கள் வைத்ததாலும் எரிந்த தரைத்தீ புதரை மட்டும் அழிக்கும். முதிர்ந்த பைன் தாங்கிக்கொள்ளும். தீ நின்றதும் ஓக் முதலிய மரங்கள் பொந்தின் உயரத்துக்கு வளர்ந்து மறைக்க, பறவைகள் இடத்தைக் காலி செய்தன.

1989-இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. எஞ்சிய மரங்களைத் துளைத்து வனத்துறையினர் மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். பறவைகள் குடியேறின. 1970-இல் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இந்த இனம், 2024-இல் அதற்கு ஒரு படி குறைவான ஆபத்து நிலைக்கு மாற்றப்பட்டது.

பெட்டிகள் தற்காலிக உதவிதான். மரங்களை முதுமை வரை வெட்டாமல் விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டோடு தரைத்தீ வைத்தால்தான் இந்தப் பறவை மனிதர் கையை எதிர்பார்க்காமல் தானே பொந்து குடைந்து வாழும்.