கடல் நீர்த் தொட்டியும் இரண்டு சுழிகளும்



கண்ணாடித் தொட்டியில் கடல் நீரை நிரப்பிய அன்றே அதில் மீனையும் விட்டுவிடத் துடிப்போர் பலர். நீர் பளிங்குபோல் இருக்கிறது. உப்பும் அளவாக உள்ளது. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அவ்வாறு விடப்பட்ட மீன்கள் சில நாட்களில் நீர்மட்டத்திற்கு வந்து, வாய் பிளந்து மூச்சுத் திணறுவதை நான் கண்டிருக்கிறேன். நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை.

மீன் தன் செவுள் வழியே ஓயாது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பரந்த கடலில் அது கரைந்து மறையும். 100 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அதை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற வேண்டும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். முதல் வேலையைச் செய்வன பாக்டீரியாக்களே என நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஆர்க்கியா எனும் வேறு இனத்து நுண்ணுயிரும் அதைச் செய்வதாக 2005-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். அவ்வுயிர் எங்கே அகப்பட்டது தெரியுமா? அமெரிக்காவில், சியாட்டில் நகர நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலையின் கடல் நீர்த் தொட்டி ஒன்றில்தான்!

இக்குடியேற்றத்திற்கு உணவு வேண்டும். இறால் துண்டு ஒன்றை நீரில் அழுக விடுவோர் உண்டு. நவச்சாரம் என்று நாம் வழங்கும் அம்மோனியம் குளோரைடைத் தூய நிலையில் அளந்து இடுவதையே நான் விரும்புகிறேன், நாற்றமும் இராது. 100 லிட்டருக்கு ஏறத்தாழ 630 மில்லிகிராம் இட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும்.

இனிச் சோதனை. சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்து, மருந்துத் துளிகளை விட்டு, குறித்த நேரம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். நான் கையாளும் முறையில் அம்மோனியா இல்லாத நீர் மஞ்சளாகும். அம்மோனியா மிகுந்தால் பச்சை மிகும். நைட்ரைட்டு இருப்பின் நீர் இளஞ்சிவப்பாகும். முதலில் அம்மோனியா குறையத் தொடங்கும். அதனைத் தொடர்ந்து நைட்ரைட்டு ஏறும். அது இறங்குவதற்குள் நம் பொறுமை எல்லை காணும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

நைட்ரேட்டுச் சோதனையில் மட்டும் சற்று விழிப்பு வேண்டும். அம்மருந்து நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக்கி, அதன் பின்னரே நிறம் காட்டுகிறது. ஆகவே நீரில் முன்னரே நைட்ரைட்டு மிகுந்திருந்தால், இல்லாத நைட்ரேட்டையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லிவிடும். இடை நாட்களில் அந்த எண்ணை நான் நம்புவதில்லை.

பி.எச். அளவையும் மறத்தல் ஆகாது. கடல் நீரில் அது 8.2-ஐ ஒட்டி நிற்கும். அது ஓர் எண் உயர்ந்தால், அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆதலால் நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய அம்மோனியா இங்கே உயிரைக் குடிக்கும். ஆவியாவது நீரே, உப்பன்று. குறைந்த அளவை நன்னீர் விட்டே நிரப்பி, ஒப்படர்த்தியை 1.025 அளவில் நிறுத்துக.

முதல் நாள், நவச்சாரம் இடுமுன் சோதித்தால் அம்மோனியா சுழி; நைட்ரைட்டும் சுழி. நாற்பதாம் நாளிலும் அதே இரண்டு சுழிகள் தோன்றக்கூடும். குழாயில் இரண்டும் ஒரே நிறம். முன்னது வெறுமை, பின்னது உயிர்ப்பு. இவற்றை வேறு பிரித்தறிய நாள்தோறும் எழுதிய குறிப்பேடு உதவும். அதனினும் உறுதியான வழி ஒன்றுண்டு. முன் இட்ட அளவு நவச்சாரத்தை மீண்டும் இட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அதற்குள் சுழியாகியிருந்தால் தொட்டி ஆயத்தம்.

பின்னர், சேர்ந்துள்ள நைட்ரேட்டு குறைய நீரில் ஒரு பகுதியை மாற்றி, சிறு மீன் ஒன்றோ இரண்டோ விடலாம். அதன் பிறகும் ஒரு திங்கள் வரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் சோதனைக் குழாயைக் கையில் எடுப்பது என் வழக்கம்.