நம்மோடு வருகிறவர்கள்
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை விட்டாயிற்று. வேங்கிக்காலில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே பேச்சு: "இந்த வருஷம் வேன் எப்போ சாமி?" ஆகவே இன்று குடும்பமாகத் திருத்தலங்களுக்குப் போவது பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறோம். இதில் நமக்குச் சொல்ல வேண்டிய ஒரு குற்றமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்குப் பயணிகளைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் எங்கிருந்தெல்லாமோ பேருந்தும் வேனும் வந்து நிற்பதைப் பார்க்கிறோம். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் வண்டியில் வந்தவர்கள், மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டரையும் நடந்தே கடக்கிறார்கள். வயதானவர் பின்தங்கினால் கூட வந்தவர்கள் நின்று அழைத்துப் போகிறார்கள்.

நம் வழக்கம் வேறு. வண்டியை விட்டு இறங்குகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம், ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம், "ஏறுங்க ஏறுங்க, நேரமாச்சு" என்கிறோம். போன ஆண்டுப் பயணம் முடிந்து வந்த ஒரு பாட்டியிடம், எந்தக் கோயில் பிடித்தது என்று கேட்டோம். "எது எதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல சாமி, எல்லாத்துலயும் செருப்பத் தேடினதுதான் ஞாபகம்" என்றார்.

ஆகையால் ஒரே ஒரு திருத்தலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறோம். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி விருத்தாசலம் போகும் வழியில், முகாசப்பரூர் பக்கத்தில் இருக்கிறது கோணாங்குப்பம். அங்கே இருப்பது பெரியநாயகி மாதா. வேளாங்கண்ணிக்குப் போகிற அவசரத்தில் நம்மில் பலர் அதைக் கடந்துபோய்விடுகிறோம்.

அங்கே கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த இயேசு சபைக் குரு. 1711-ல் தமிழ் மண்ணுக்கு வந்தார். தமிழைக் கற்றார் என்று சொன்னால் போதாது. புனித சூசையப்பரை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவராக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். சதுரகராதி என்னும் அகராதி தந்தார். நாம் சிறுபிள்ளையில் கேட்டுச் சிரித்த பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதுதான்.

அந்தத் தலத்தின் வரலாறாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது இது. முனிவர் கொண்டுவந்த மாதா சுரூபம் அந்தக் காட்டுப் பகுதியில் காணாமல் போயிற்று. ஆடு மாடு மேய்த்த சிறுவர்கள் கையில் அது கிடைத்தது. முகாசப்பரூரை ஆண்ட கச்சிராயருக்குப் பிள்ளை இல்லை. மாதா அவருக்குக் கனவில் தோன்றினார், பிள்ளை வரம் கிடைத்தது, கச்சிராயர் கோயில் கட்ட இடம் கொடுத்தார். கச்சிராயர் கிறிஸ்தவர் அல்லர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்னொரு செய்தியும் சொல்லப்படுகிறது. தமிழ்ப் பெண் போல் சேலை உடுத்தி, குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் மாதாவை முனிவர் படமாக வரைந்து, மயிலை ஆயர் வழியாகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவுக்கு அனுப்பினாராம். அங்கே செய்யப்பட்டு வந்த இரண்டு சுரூபங்களில் ஒன்று கோணாங்குப்பத்திலும், மற்றொன்று ஏலாக்குறிச்சியிலும் வைக்கப்பட்டன. இத்தாலியக் குருவின் எண்ணம், தமிழ்ச் சேலை, பிலிப்பைன்ஸ் கைவேலை! நம் பெரியவர்கள் சிலருக்கு மணிலா என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். மாலையில் சிற்றலையைத் திருகித் திருகிப் பிடித்த வெரித்தாஸ் வானொலித் தமிழ்ப்பணியும் அங்கிருந்துதான் வந்தது.

அந்தப் பிலிப்பைன்ஸ் மக்களும் நம்மைப் போலவே குடும்பம் குடும்பமாகக் கோயில்களுக்குப் போகிறவர்கள். புனித வாரத்தில், குறிப்பாகப் பெரிய வியாழனன்று, ஏழு ஆலயங்களைச் சந்திப்பது அவர்கள் வழக்கம். இதன் வேர் உரோமையில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரி, இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு உரோமையின் ஏழு பேராலயங்களுக்கு நடந்தே போவார். அவர் நடுவழியில் ஒரு தோட்டத்தில் எல்லாரையும் உட்கார வைப்பார். ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, கொஞ்சம் இசை. செபத்துக்கு இடைஞ்சல் என்று அவர் அதை நினைக்கவில்லை.

மணிலாவுக்கு அருகே அந்திப்போலோ என்னும் மலையூரில் ஒரு மாதா இருக்கிறார். 1626-ல் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்த சுரூபம். பசிபிக் கடலைக் கடக்கும் கப்பல்களுக்குக் காவலாக வணங்கப்பட்டதால், அமைதிக்கும் நல்ல பயணத்திற்கும் அன்னை என்று பெயர். இன்றும் அந்நாட்டுக் குடும்பங்கள் புது வண்டி வாங்கினால் அங்கே ஓட்டிவந்து மந்திரிக்கிறார்கள். நாமும் வண்டி மந்திரிக்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு, அது இருக்கட்டும். வண்டியின்மேல் தீர்த்தம் தெளிக்கும்போது யாருக்காகச் செபிக்கிறோம் என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

இப்போது அந்தக் குற்றம். போன ஆண்டு நம் பங்கிலிருந்து இரண்டு வேன் புறப்பட்டன. கோணாங்குப்பம், ஏலாக்குறிச்சி, பூண்டி, வேளாங்கண்ணி, காரைக்கால், வில்லியனூர். பிள்ளைகளுக்காக நடுவில் தரங்கம்பாடிக் கடற்கரை. இரண்டு பகல், மூன்று இரவு. நேர அட்டவணையை நாமே எழுதி, அச்சடித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். திரும்பி வரும்போது, விடியற்காலை நான்கு மணிக்கு, கீழ்ப்பென்னாத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு வேன் சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் உரசி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது.

ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார். அன்று அவரைத் திட்டாதவர் இல்லை. நாமும் திட்டினோம். ஒரு வாரம் கழித்து அந்த அட்டவணைத் தாள் மேசையில் கிடந்தது, எடுத்துப் பார்த்தோம். திருப்பலிக்கு நேரம் இருந்தது. குளிக்க, சாப்பிட, கடை பார்க்க, கடலில் கால் நனைக்க எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. ஓட்டுநர் தூங்க ஒரு மணி நேரம்கூட எழுதப்படவில்லை. நாம் கோயிலுக்குள் இருந்தபோது அவர் சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நாம் வண்டிக்குள் உறங்கியபோது ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. அவர் கிறிஸ்தவர் அல்லர். அதனாலோ என்னவோ, ஆறு திருத்தலங்களில் ஒன்றில்கூட, "அண்ணே, உள்ளே வாங்க" என்று நம்மில் ஒருவரும் அவரை அழைக்கவில்லை. கச்சிராயர் கொடுத்த இடத்தில் எழுந்த கோயிலின் வாசலில் நம் ஓட்டுநர் வெளியே நின்றார்.

நற்செய்தியிலும் ஒரு குடும்பப் பயணம் வருகிறது. லூக்கா இரண்டாம் அதிகாரம், 41-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகும் குடும்பம் அது. உறவினரும் ஊராரும் கூட்டமாக நடக்கிறார்கள். திரும்பும் வழியில் பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தில் இல்லை. சூசையப்பரும் மரியாவும் கவலையற்றவர்கள் அல்லர். பயணிகளோடுதான் பிள்ளை வருகிறான் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணத்திலேயே ஒரு நாள் பயணம் போய்விட்டது. பிறகு தேடி, வந்த வழியே திரும்பி, மூன்று நாளுக்குப் பின் கண்டார்கள்.

இந்தப் பகுதியைக் குருமடத்தில் கிறிஸ்துவின் தன்னறிவு பற்றிய பாடமாகப் படித்தோம். அது முக்கியமான பாடம்தான். ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு நம் கண்ணில் படுவது, "எண்ணிக்கொண்டார்கள்" என்ற அந்தச் சிறு சொல். ஓட்டுநர் தூங்கியிருப்பார் என்று நாமும் எண்ணிக்கொண்டோம். பாட்டி செபித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். மூன்று இரவும் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டி, பாத்திரம் கழுவிய அம்மாமார்கள் எந்தத் திருப்பலியிலாவது முழுதாக உட்கார்ந்தார்களா என்று கேட்டதில்லை.

ஆகவே இந்த ஆண்டுத் திட்டத்தை மாற்றியிருக்கிறோம். வேளாங்கண்ணி இல்லை. முகம் சுளிக்காதீர்கள், மாதா அங்கேதான் இருப்பார், செப்டம்பர் திருவிழாவுக்குப் போகலாம். காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. கோணாங்குப்பத்தில் திருப்பலி, மதியம்வரை அங்கேயே. பிள்ளைகளுக்கு வீரமாமுனிவர் கதையை உபதேசியார் சொல்லுவார். மாலையில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா. திருமானூருக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் இந்த ஊரைத்தான் முனிவர் திருக்காவலூர் என்று பாடினார். இரவு அங்கே தங்கல். மறுநாள் காலை செபமாலை சொல்லிவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை வண்டி ஓடாது. ஓட்டுநர்களுக்குத் தனி அறை, மின்விசிறியோடு. முன் இருக்கையில் அன்பியப் பொறுப்பாளர் ஒருவர் விழித்திருந்து பேச்சுத்துணையாக வருவார். சாப்பாடு கடையில், யாரும் கட்டிவர வேண்டாம். இவற்றால் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கூடும். முடியாதவர்கள் நம்மிடம் தனியே சொல்லுங்கள்.

இதுவும் தூரம் என்கிற முதியவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே சேத்துப்பட்டு லூர்து மாதா இருக்கிறார். பிரெஞ்சுக் குருவான தாராஸ் சாமியார் கட்டியது. காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம்.

போன ஆண்டு வந்த அதே ஓட்டுநரைத்தான் மறுபடி கேட்டிருக்கிறோம். முதலில் தயங்கினார். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "என்ன சாமி நீங்க போய்..." என்று எழுந்து நின்றுவிட்டார். தம் மனைவியையும் மகனையும் அழைத்துவரலாமா என்று கேட்டார். அவர்களுக்கு இரண்டு இருக்கை ஒதுக்கியாயிற்று. மீதமுள்ள இடங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரைப் பாருங்கள்.