போகவும் கடன், திரும்பவும் கடன்

வளைகுடாவில் விசா முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் நிற்பவர்களின் அபராதக் கணக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா முடிந்தபின் அனுமதியின்றித் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் 50 திர்ஹாம். சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் வேலைக்கு வந்தவருக்கும் இப்போது ஒரே தொகைதான். 2022 அக்டோபரில் இப்படி ஒன்றாக்குவதற்கு முன்பு சுற்றுலா விசாக்காரர் நாளுக்கு 100 திர்ஹாம் கட்டினார். வேலை விசாவில் இருந்தவருக்குத் தொகை 25 திர்ஹாமில் தொடங்கியது. மாற்றம் வந்ததும் பார்க்க வந்தவரின் சுமை பாதியானது, உழைக்க வந்தவரின் தொடக்கத் தொகை இரு மடங்கானது.

மாதம் 1,000 திர்ஹாம் சம்பளத்தில் துப்புரவு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அபராதம் தொடங்கிய நாளிலிருந்து அவர் தலையில் மாதத்துக்கு 1,500 திர்ஹாம் ஏறுகிறது. சாப்பிடாமல், ஊருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், சம்பளம் முழுவதையும் எடுத்து வைத்தாலும் அபராதம் அவரைவிட வேகமாகவே ஓடும். ஓராண்டில் 18,250 திர்ஹாம். நம் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல். ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் ஊரில் நிற்கும்போதே, ஊர் திரும்புவதற்கு இன்னொரு கடன் அங்கே வளர்ந்துகொண்டிருக்கும்.

அப்பா இறந்தால் முகம் பார்க்க வர முடியாது. மகள் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்க்க வேண்டும். டிக்கெட் காசு இல்லாமல் நிற்பவர்களைவிட, டிக்கெட் காசு இருந்தும் அபராதம் கட்ட வழியில்லாமல் நிற்பவர்களின் நிலை கொடியது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, கடலூர் என்று வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்களில் இப்படி ஒருவரையாவது அறியாத ஊர் குறைவு.

யார் செய்த தவறு?

"விசா முடியறதுகூடத் தெரியாம எப்படி இருப்பாங்க?" என்று ஊரில் கேட்பார்கள். பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். வேலை விசாவைப் புதுப்பிக்கும் உரிமை தொழிலாளியிடம் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது. கம்பெனி நொடித்துப்போனால், உரிமம் முடங்கினால், முதலாளி போனை எடுக்காமல் விட்டால், தொழிலாளி கேம்ப்பில் உட்கார்ந்திருக்க, அவர் விசா தானாகக் காலாவதியாகும். சம்பள பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள் என்று காத்திருந்த மாதங்களும் அபராதக் கணக்கில் சேரும்.

சிலருக்கு பாஸ்போர்ட்டும் கையில் இருக்காது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது அமீரகச் சட்டப்படி குற்றம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்திலும் அந்தத் தடை இருக்கிறது. ஆனால் கேம்ப்பில் இருப்பவர் அந்தச் சட்டத்தைக் காட்டி முதலாளியிடம் வாதாடும் நிலையில் இருப்பதில்லை.

இன்னொரு கூட்டம் விசிட் விசாவில் போனவர்கள். "முதல்ல விசிட்ல போ, அங்க போனதும் வேலை விசாவா மாத்திடுவாங்க" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 30 அல்லது 60 நாளில் விசா முடியும். வேலை விசா வந்திருக்காது. முன்பெல்லாம் விசிட் விசா முடிந்தபின் 10 நாள் சலுகை இருந்தது. 2023-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது முடிந்த மறுநாளே மீட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது.

மறைந்து வாழும் வாழ்க்கை

சம்பளம் வராத இடத்தை விட்டு வெளியேறியவர் மீது, ஓடிப்போய்விட்டார் என்று முதலாளி புகார் பதிந்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். அதற்குப் பிறகு அவர் கல்லிவல்லி; காகிதம் இல்லாதவரை வளைகுடாவில் அப்படித்தான் சொல்வார்கள். காகிதம் இல்லாமல் அன்றாடக் கூலிக்குப் போவார். கூலி தராவிட்டாலும் கேட்க முடியாது. நெஞ்சுவலி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்து மாறி நடப்பார். அவருக்கு வேலை கொடுப்பவருக்கு இந்தப் பயமே லாபம்.

அபராதம் போடுவதன் நோக்கம், விசா முடிந்தவரை நாட்டை விட்டு வெளியேறச் செய்வது. கட்டவே முடியாத உயரத்துக்கு அது போனபின் நடப்பது நேர்மாறு. போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மனிதர் இன்னும் உள்ளே ஒளிகிறார்.

மற்ற நாடுகளில் வேறு விதமான கணக்குகள் உண்டு. தாய்லாந்தில் நாளுக்கு 500 பாத். ஆனால் 20,000 பாத்தை எட்டியதும் அபராதம் நின்றுவிடும். 90 நாளுக்கு மேல் தங்கியவருக்கு அங்கே அபராதத்தோடு மறுநுழைவுத் தடையும் உண்டு. தானாக வந்து ஒப்படைத்தவருக்கு ஓராண்டில் தொடங்கும் அந்தத் தடை, பிடிபட்டவருக்கு ஐந்தாண்டில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டிய ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படி. மலேசியாவில் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அதே மலேசியா 2024-இல் தானாக முன்வந்தவர்களிடம் 500 ரிங்கிட் மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பும் திட்டத்தை நடத்தியது. கதவைத் திறந்து வைத்தால்தான் ஆட்கள் வெளியேறுவார்கள் என்று கடுமையான சட்டம் வைத்திருக்கும் நாடே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று.

பொது மன்னிப்பை நம்பலாமா?

அமீரகமும் இதை அறிந்தே அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிக்கிறது. 2007, 2012, 2018 ஆகிய ஆண்டுகளில் அறிவித்தது. கொரோனா காலமான 2020-இல் அபராதங்களை நீக்கியது. கடைசியாக 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு மாதம் என்று அறிவித்து, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அபராதம் முழுவதும் தள்ளுபடி, திரும்பி வரத் தடையும் இல்லை. ஓடிப்போனதாகப் புகார் இருந்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். துபாயில் குடியேற்றத் துறையின் அல் அவீர் மையத்திலும் ஆமர் சேவை மையங்களிலும் கூட்டம் அலைமோதியது.

இது பெரிய கருணை. ஆனால் நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருக்கும் திருவிழா இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து, ஆறு ஆண்டுகள்கூடப் போயிருக்கின்றன. அறிவிப்பு வந்தாலும், குறிப்பிட்ட தேதிக்குப் பின் விசா முடிந்தவர்களைச் சேர்ப்பதில்லை. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, காசோலை வழக்கு என்று பயணத் தடை இருந்தால் மன்னிப்பு அதை நீக்காது. "அடுத்த மன்னிப்புல பாத்துக்கலாம்" என்று சொல்லும் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அந்த யோசனையைக் கேட்டு இளமையையே அங்கே தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை கணக்கைத் தெரிந்துகொள்வது. துபாய் விசா என்றால் துபாயின் குடியேற்றத் துறை இணையதளத்தில் பார்க்க வேண்டும். மற்ற ஆறு அமீரகங்களுக்கும் கூட்டரசின் அடையாளம் மற்றும் குடியுரிமைத் துறை. பாஸ்போர்ட் எண்ணோ விசாக் கோப்பு எண்ணோ போட்டால் அபராதம் எவ்வளவு என்று தெரியும். தானாகப் பார்க்கத் தெரியாதவர்கள், அரசு விண்ணப்பங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் கேட்கலாம். வேலை விசா முறைப்படி ரத்தாகியிருந்தால், வகையைப் பொறுத்து 30 முதல் 180 நாள் வரை சலுகை உண்டு. எந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும் என்பது ரத்துத் தாளிலேயே இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் கம்பெனியை விட்டு வரக்கூடாது.

அபராதம் சிறிதென்றால் உடனே கட்டிவிடுவதே நல்லது. விமான நிலையத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று கடைசி நாள் வரை தள்ள வேண்டாம். அபராதத்தோடு வெளியேறும் அனுமதிக்கான கட்டணமும் சேரும். கவுண்டரில் பழைய புகார் ஏதாவது எழுந்தால் விமானமும் போய்விடும், டிக்கெட் காசும் போய்விடும்.

தொகை பெரிதென்றால், அதைக் குறைக்கவோ நீக்கவோ குடியேற்றத் துறையிடம் மனு தரலாம். விசாவைப் புதுப்பிக்காதது முதலாளி என்பதற்குச் சான்று இருந்தால் மனு வலுப்பெறும். அதனால்தான் சம்பளம் நின்ற மாதமே மனிதவள அமைச்சகத்தில் புகார் பதிவது முக்கியம். புகார் எண், வேலை ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவருக்கு இந்தியத் தூதரகம் அவசரப் பயணச் சான்றிதழ் தரும். அவுட் பாஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊர் திரும்ப ஒரு முறை மட்டும் செல்லும். அது கிடைத்தாலும் அபராதக் கணக்கு தனியாகத் தீர வேண்டும்.

பலருக்குத் தெரியாத உதவி ஒன்றும் இருக்கிறது. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒரு நிதி உண்டு. பாஸ்போர்ட் போன்ற சேவைகளுக்கு நாம் கட்டும் தொகையோடு சிறு கட்டணம் சேர்த்து வாங்கி உருவாக்கும் நிதி இது. வழியற்றவருக்கு விமானச் சீட்டு எடுத்துத் தரலாம். தொழிலாளியின் தவறு இல்லாமல் விசா காலாவதியாகியிருந்தால் சிறிய அபராதங்களைக்கூட அதிலிருந்து கட்டலாம் என்று விதியே சொல்கிறது. ஆக, தூதரகத்தில் போய்க் கேட்பது பிச்சை இல்லை, உரிமை. துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற இந்திய உதவி மையம் இதற்கு வழிகாட்டும்.

அபராதத்தை அழித்துத் தருகிறேன் என்று கூடுதல் பணம் கேட்கும் தரகரிடம் ஒரு திர்ஹாமும் கொடுக்க வேண்டாம். அரசுக் கணக்கில் கட்டிய ரசீதுதான் கட்டியதற்கு அடையாளம்.

இந்தியாவிலேயே தொடங்கும் காவல்

பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் வரியும்தான். முறையாகப் போகிறவருக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் போகிறவர் இத்தனையையும் இங்கேயே இழந்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். அயலகத் தமிழருக்கென்று தனித் துறை வைத்திருக்கும் தமிழக அரசு, இந்த மூன்று செய்திகளையும் ஆள் அனுப்பும் மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகம் வரை கொண்டுபோக வேண்டும். சென்னையில் அலுவலகத்தில் இருக்கும் தகவல், பரமக்குடியில் ஏஜென்டிடம் பணம் கட்டப்போகிறவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

அடிப்படையான கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. விசாவைப் புதுப்பிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கும்போது, புதுப்பிக்காததற்கான அபராதம் மட்டும் ஏன் தொழிலாளியின் பெயரில் ஏற வேண்டும்? அமீரகம் முதலாளிகளைத் தண்டிக்கத் தயங்கும் நாடு இல்லை. முறையான அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறது. அதே நியாயத்தை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனால் போதும். சம்பளப் புகார் பதிந்த நாளிலிருந்து தொழிலாளியின் அபராதக் கணக்கு நிற்க வேண்டும், மிச்சம் நிறுவனத்தின் பெயருக்கு மாற வேண்டும். இந்தியாவும் அமீரகமும் தொழிலாளர் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் நம் தரப்பு இதைக் கேட்க வேண்டும்.

அந்த விதி வரும்வரை தொழிலாளிக்குக் காவல் தேதிதான். விசா முடியும் நாள் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஊரில் இருக்கும் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேதி தாண்டிவிட்டால் வெட்கப்பட்டு ஒளியாமல் முதல் வாரமே தூதரகத்துக்குப் போக வேண்டும். ஏழாம் நாளில் 350 திர்ஹாமில் தீரும் பிரச்சினை, ஏழாம் மாதத்தில் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்.