வலைப்பூவில் விளம்பரச் சல்லி: கணக்குப் பார்த்து இறங்குங்கள்

ஹேவாஹெட்டயில் இருக்கும் எங்கள் கடையின் பெயர்ப் பலகையில் கடையின் பெயர் கால்வாசி, சவர்க்காரக் கம்பனியின் பெயர் முக்கால்வாசி. பலகையைக் கம்பனியே அடித்துக் கொடுத்தது. நான் ஒரு சதம் செலவழிக்கவில்லை. அவர்களும் எனக்கு ஒரு சதம் தரவில்லை. இதே அளவு சுவர் எனக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் மாதாமாதம் வாடகை கேட்டிருப்பேன். அங்கே எத்தனை பேர் பார்க்கிறார்கள், பார்க்கிறவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மற்றப்படி சுவர் சுவர்தான்.

வலைப்பூ எழுதினால் டொலரில் சல்லி வருமாமே, பிள்ளையை அதில் இறக்கி விடலாமா என்று வியாபார நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பலகைக் கதையைத்தான். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. மருமகன் (தங்கையின் மகன்) இந்த வேலையில் இறங்கியதால், பக்கத்தில் இருந்து பார்த்தும் சூடுபட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வலைப்பூ என்பது ஒருவர் தனக்குத் தெரிந்த விடயத்தை இணையத்தில் தொடர்ந்து எழுதி வைக்கின்ற சொந்தப் பக்கம். கூகுள் கம்பனி 2003ஆம் ஆண்டு புளொகர் என்ற சேவையை வாங்கியது. அதில் இன்றும் இலவசமாகப் பக்கம் திறக்கலாம். கீ மணி இல்லை, வாடகை இல்லை. அதே ஆண்டில்தான் அட்சென்ஸ் என்ற விளம்பர ஏற்பாட்டையும் கூகுள் கொண்டு வந்தது. அதுவரை ஒரு சின்ன இணையப் பக்கத்துக்கு விளம்பரம் பிடிப்பது இலேசான வேலையல்ல. அட்சென்ஸ் வந்த பிறகு எழுதுபவர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் போதும். விளம்பரத்தைத் தேடிப் பிடிப்பது, சல்லி அறவிடுவது, பங்கு பிரிப்பது எல்லாம் அவர்கள் பாடு. நம் பாஷையில் சொன்னால் தரகர்.

வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறக்கின்ற அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. யார் திறக்கிறார், எந்த நாட்டிலிருந்து, பக்கத்தில் என்ன விடயம் எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து விளம்பரதாரர்கள் விலை கேட்கிறார்கள். பெரும்பாலும் கூடிய விலை கேட்டவரின் விளம்பரம்தான் வாசகரின் கண்ணில் படும். விளம்பரதாரர் கொடுக்கின்ற 100 டொலரில் 68 டொலர் எழுதுபவருக்கு என்று 2010இல் கூகுளே வெளியிட்டது. 2023 இறுதியில் கணக்கு முறையை மாற்றுவதாக அறிவித்தபோதும், தங்கள் வழியாக வாங்கப்படும் விளம்பரங்களில் பங்கு ஏறக்குறைய அதேதான் என்றார்கள். தரகுக் கூலி 32 என்பது நம் மரக்கறி ஏலத்தில் பழகியவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படும். ஆனால் நாமாகத் தேடிப் போனால் அந்த விளம்பரதாரர்களின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டோம்.

முன்பு வாசகர் விளம்பரத்தைத் தொட்டால்தான், அதாவது கிளிக் செய்தால்தான், எழுதுபவருக்குப் பெரும்பகுதி வருமானம். 2024 முதல் அட்சென்ஸில் விளம்பரம் காட்டப்பட்ட தடவைகளுக்கே கணக்குப் பார்க்கிறார்கள். இதனால் எழுதுபவருக்கு முக்கியமாக வேண்டியது வருகிற ஆட்களின் தொகை, அவர்கள் நின்று வாசிக்கிற நேரம்.

இந்தியாவில் ஆக்ரா நகரிலிருந்து அமித் அகர்வால் என்பவர் 2004இல் தொழில்நுட்ப விளக்கங்களை எழுதத் தொடங்கினார். அந்த நாட்டில் வலைப்பூவையே முழுநேரத் தொழிலாக்கிய முதல் ஆட்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். தாஜ்மஹால் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு எப்படி முடிந்தது? அவர் எழுதியது ஆங்கிலத்தில். வாசித்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். கணினியில் ஒரு சிக்கல் வந்தால் அதைத் தீர்க்கிற வழியை எளிமையாகச் சொன்னார். கடை ஆக்ராவில், வாடிக்கையாளர் அமெரிக்காவில்.

தமிழில் எழுதியவர்களுக்கு அந்த யோகம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2003, 2004 காலத்திலேயே தமிழில் வலைப்பூக்கள் மளமளவென்று வந்துவிட்டன. ஆனால் அட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இடம்பிடித்தது 2018இல்தான். நடுவிலே கழிந்த அந்தப் பதினைந்து வருடங்களில் நன்றாக எழுதிய எத்தனையோ பேர் கைச்செலவு செய்து எழுதிக் களைத்து பேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். இது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

இப்போது தமிழுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் என் கடைச் சுவரின் கதை இங்கேயும் உண்டு. டொரொண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு தமிழர் திறந்தால் அந்த ஊர்க் கம்பனியின் விளம்பரம் அங்குள்ள விலைக்கு வரும். கலஹாவிலிருந்து திறந்தால் இங்குள்ள விலைக்கு வரும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 1000 தடவை பக்கம் திறக்கப்பட்டால் அரை டொலர் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 300 தடவை திறக்கிறார்கள். மாதம் 9000. வருமானம் நாலரை டொலர். அட்சென்ஸில் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் கைக்குத் தருவார்கள். அந்த நூறைத் தொட 22 மாதத்துக்கு மேல் போகும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மீதிப் பேரிடம்தான் நான் தொடர்ந்து பேசுவது.

என் மருமகன் எழுதியது மிளகு, கராம்பு பற்றி. நாற்று வைப்பது, வாடல் நோய், காயப்போடுகிற பதம் என்று எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிகள்தான். ஆனால் வேறு ஊரில் அதைத் தமிழில் தேடுகிறவர்கள் இருந்தார்கள். 2019இல் அவன் ஒரு விளம்பரக் கம்பனியில் சேர்ந்தான். பெயர் இங்கே தேவையில்லை. எட்டு மாதத்தில் 61 டொலர் சேர்த்துவிட்டான்.

அப்போதுதான் நான் உதவி செய்யப் புறப்பட்டேன். கடையில் நிற்கிற மூன்று பொடியன்மாரையும் கூப்பிட்டு, காலையில் கடை திறந்ததும் தம்பியின் பக்கத்துக்குப் போய் விளம்பரங்களை ஆளுக்கு ஐந்து தரம் அமத்துங்கள் என்றேன். நானும் அமத்தினேன். இரண்டு வாரம் போயிருக்காது. மருமகன் முகம் வாடிப்போய் வந்தான்.

"மாமா, கணக்க மூடிட்டாங்க. நீங்க யாரும் அமத்தினீங்களா?"

"ஒனக்கு ஒதவியாத்தானே மகன் செஞ்ச" என்றேன்.

61 டொலரும் போயிற்று. அவன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கம்பனிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் எனக்கு ஆச்சரியம். ஒரே இணைய இணைப்பு, அதே நான்கு போன், ஒரே நேரம், அமத்திவிட்டு உடனே வெளியேறுவது. கணினிக்கு இதைப் பிடிப்பது பெரிய வேலையா என்ன? பிறகு மெதுவாக இன்னொரு விடயமும் உறைத்தது. விளம்பரதாரர்களில் பலர் ஒவ்வொரு கிளிக்குக்கும் சல்லி கட்டுகிறவர்கள். அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு சகோதரர் பெருநாள் வியாபாரத்துக்காக விளம்பரம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற எண்ணம் துளியும் இல்லாமல் நான் அமத்துகிற ஒவ்வொரு தடவையும் அவருடைய கல்லாப் பெட்டியில் கைவைக்கிறேன். தராசில் கல்லைக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அட்சென்ஸிலும் இதே சட்டம்தான். சொந்த விளம்பரத்தைத் தானும் தொடக்கூடாது, பிறரைத் தொடச் சொல்லவும் கூடாது. கள்ளக் கிளிக் என்று கண்டால் கணக்கை மூடலாம், அந்தச் சல்லியை விளம்பரதாரருக்கே திருப்பலாம் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறார்கள். நாம்தான் வாசிப்பதில்லை.

கூகுளில் சேருகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறு சில சங்கதிகளும் உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் நம் விலாசத்துக்குத் தபாலில் ஓர் இரகசிய இலக்கம் அனுப்புவார்கள். அதை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். தோட்டப் பக்கம் இருப்பவர்கள் விலாசத்தைத் தெளிவாகக் கொடுத்து, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடுத்தது பெயர். நம் ஆட்களின் பெயரில் முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, முதலெழுத்துக்கள் வேறு. வங்கிக் கணக்கில் உள்ள அதே பெயரை, அதே எழுத்தில் கொடுக்காவிட்டால் வந்த சல்லியும் திரும்பிப் போகும்.

என்ன விளம்பரம் வரும் என்பதும் நம் ஆட்களுக்குள்ள நியாயமான கவலை. சூதாட்டம், காதலர் தேடுதல், ஒரே இரவில் பணக்காரராகலாம் என்கிற வகைகளையெல்லாம் தடுக்க அட்சென்ஸிலேயே வசதி இருக்கிறது. தனிப்பட்ட விளம்பரதாரரையும் தடுக்கலாம். தடுக்கத் தடுக்க ஏலத்தில் ஆட்கள் குறைந்து வருமானமும் சற்றுக் குறையும். குறைந்தால் குறையட்டும். கடையில் என்ன சாமான் விற்பது என்று தீர்மானிப்பவர் கடைக்காரர்தானே.

வரிக் கணக்கையும் இப்போதே பாருங்கள். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கி மூலம் வருகிற அந்நியச் செலாவணி வருமானத்துக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கும் வரி உண்டு, உச்சம் 15 வீதம். அதேநேரம் தனிநபருக்கான வருட விலக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. நாலரை டொலர்க்காரருக்கு இதில் பயமில்லை. வேறு வருமானமும் உள்ளவர்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு மருமகன் என்ன செய்தான்? எழுதுவதை விடவில்லை. தரகரை நம்பியிராமல் நேராக விளம்பரம் தேடினான். அவன் பக்கத்தை வாசிக்கிறவர்களில் மிளகு வைத்திருக்கிற தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடுகிறவர்கள் மிளகு வாங்குகிற வியாபாரிகளும், உரம், நாற்று விற்கிறவர்களும். டொரொண்டோக் கம்பனிக்கு ஹேவாஹெட்ட வாசகர் மலிவு. தலாத்துஓயாவில் நாற்று மேடை வைத்திருப்பவருக்கு அவர் தங்கம். மூன்று பேர் மாதம் ஆயிரம் ரூபா வீதம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மாதம் 3000 ரூபா. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 10 டொலர். பழைய கம்பனியில் அவனுக்கு மாதத்துக்குக் கிடைத்தது எட்டுக்கும் கீழே.

நான்காவது விளம்பரம் என்னுடையது. உலர்ந்த மிளகு வாங்கப்படும் என்று இரண்டு வரி, கடைப் போன் இலக்கம். மற்ற மூவரிடம் வாங்குகிற அதே ஆயிரத்தை என்னிடமும் வாங்குகிறான். போன மாதம் மாரஸ்ஸனையிலிருந்து ஒருவர் அதைப் பார்த்து 40 கிலோ கொண்டு வந்தார்.