கிளேர் ஷெரிடன்

கிளேர் ஷெரிடன் (1885 – 1970) பிரிட்டிஷ் பெண் சிற்பி, இதழாளர், பயண நூலாசிரியர். லெனின், டிராட்ஸ்கி, காந்தி, சர்ச்சில் ஆகியோரை எதிரில் வைத்து உருவச்சிலைகள் செய்தவர். வின்ஸ்டன் சர்ச்சிலின் பெரியம்மா மகள்.

பிறப்பு, குடும்பம்

கிளேர் லண்டனில் பிறந்தார். தாய் கிளாரா நியூயார்க் செல்வந்தர் லெனார்ட் ஜெரோமின் மூத்த மகள். கிளாராவின் தங்கை ஜென்னிதான் சர்ச்சிலின் தாய். தந்தை மோர்டன் ஃபிரீவன் தொட்ட தொழிலிலெல்லாம் பணத்தை இழந்தவர். அதனால் உறவினர்கள் பெரிய இடத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தும் கிளேரின் வீட்டில் எப்போதும் கடன் இருந்தது. 1910-இல் வில்ஃபிரட் ஷெரிடனை மணந்தார். வில்ஃபிரட் நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் வழிவந்தவர்.

சிற்பக்கலைக்கு கிளேரைக் கொண்டுவந்தது மகளின் மரணம். 1914-இல் குழந்தை எலிசபெத் காசநோயால் இறந்தபோது, கல்லறையில் வைப்பதற்காக ஒரு தேவதை உருவத்தைத் தானே வடித்தார். அடுத்த ஆண்டு, மகன் ரிச்சர்ட் பிறந்த சில நாட்களில் கணவர் பிரான்சில் லூஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். முப்பது வயதில் இரண்டு குழந்தைகளுடன் தனித்து நின்ற கிளேருக்குச் சிற்பம் வருமானத்துக்கான வழியும் ஆயிற்று. எட்வர்ட் லாந்தேரி, வில்லியம் ரீட் டிக் ஆகியோரிடம் முறையாகப் பயின்றார்.

மாஸ்கோ

1920-இல் சோவியத் வணிகக் குழுவுடன் லெவ் காமனேவ் லண்டன் வந்தார். கிளேர் அவருடைய தலையை வடித்தார். மாஸ்கோ வந்தால் லெனினையும் வடிக்கலாம் என்று காமனேவ் அழைக்க, குடும்பத்தாரிடம் சொல்லாமல் அவருடன் புறப்பட்டார். அப்போது சர்ச்சில் போர்த்துறை அமைச்சர், போல்ஷெவிக்குகளை ஆயுதத்தால் ஒழிக்க வேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்தவர். அந்தக் கோடையில்தான் கிளேர் சர்ச்சிலின் தலையையும் களிமண்ணில் வடித்திருந்தார்.

கிரெம்ளினில் லெனின் தன் மேசையில் கோப்புகளைப் படித்தபடியே இருக்க, கிளேர் அறையின் ஒரு பக்கத்தில் களிமண்ணுடன் வேலை செய்தார். டிராட்ஸ்கி, ஜினோவியேவ், ரகசியப் போலீஸ் தலைவர் ஜெர்ஜின்ஸ்கி ஆகியோரையும் வடித்தார். லண்டன் திரும்பியபோது மேட்டுக்குடி நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டனர். சர்ச்சிலின் கோபம் தணிய நெடுநாள் ஆனது. பிரிட்டிஷ் உளவுத்துறை அவரைக் கண்காணிக்கத் தொடங்கியது. சிலை செய்யக் கேட்டு வருவோர் குறையவே 1921-இல் அமெரிக்கா சென்றார். அங்கே சார்லி சாப்ளினை வடித்தார். பிறகு ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழின் செய்தியாளராக ஐரோப்பாவில் சுற்றி முசோலினி, முஸ்தஃபா கெமால் போன்றோரைச் சந்தித்தார்.

காந்தி சிலை

தமிழ் வாசகருக்கு கிளேர் முக்கியமாவது 1931-இல் அவர் செய்த காந்தி தலைச்சிற்பத்தால்.

அந்த ஆண்டு பிப்ரவரியில், காந்தி அரைநிர்வாணப் பக்கிரியாக வைஸ்ராய் மாளிகையின் படியேறுவது குமட்டுகிறது என்று சர்ச்சில் பேசினார். சர்ச்சில் ஏளனம் செய்த அந்த உடை மதுரையில் தொடங்கியது. 1921 செப்டம்பர் 22 அன்று மேற்கு மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் காந்தி அரையாடையை ஏற்றார். அதே உடையில் 1927-இல் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டு ஊர்களில் கதர் நிதிக்காகச் சுற்றினார். நிதியைத் தாராளமாக அளித்த நகரத்தார் வீடுகளில் வெளிநாட்டு மரச்சாமான்கள் அடைத்துக் கிடப்பதை அவர்களிடமே குறை சொல்லவும் அவர் தயங்கவில்லை.

1931 செப்டம்பரில் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக காந்தி லண்டன் வந்தார். சர்ச்சில் அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். சர்ச்சிலின் பெரியம்மா மகளோ காந்தியின் எதிரே களிமண்ணுடன் உட்கார்ந்தார். காந்தி சிலைக்காக அசையாமல் அமர்பவர் அல்லர். தன் வேலையைத் தொடர்வேன், முடிந்ததைச் செய்துகொள்ளுங்கள் என்பதே அவருடைய நிபந்தனை. அவர் தரையில் அமர்ந்து நூற்றார், வந்தவர்களிடம் பேசினார். இடையில் கிடைத்த பார்வைகளைக் கொண்டே கிளேர் முகத்தைப் பிடித்தார். லெனினிடமும் இதே நிலைதான் இருந்தது. புகைப்படக்காரருக்குக்கூட ஒரு நொடி அசையாத முகம் வேண்டும். கிளேருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அதே நாட்களில் அமெரிக்கச் சிற்பி ஜோ டேவிட்சனும் காந்தியை வடித்தார்.

தமிழர்களுக்குப் பழக்கமான காந்தி, சென்னைக் கடற்கரையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் நேரு திறந்துவைத்த, கைத்தடியுடன் நடக்கும் காந்தி. அது மக்கள் நினைவில் வளர்ந்த உருவம். கிளேரின் சிற்பம் அவர் உயிரோடிருந்தபோது, ஓர் அறைக்குள், வேலைக்கிடையே பார்த்துச் செய்தது. ஆவணம் என்ற வகையில் அதன் மதிப்பு தனியானது.

பிற்காலம்

1937-இல் மகன் ரிச்சர்ட் இருபத்தொரு வயதில் இறந்தார். கிளேர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிளாக்ஃபுட் பழங்குடியினர் வாழும் பகுதிக்குச் சென்று மரம் செதுக்கக் கற்றார். அதன்பின் அவருடைய கை களிமண்ணிலிருந்து மரத்துக்கு மாறியது. ஆனாலும் 1942-இல், பிரதமராகப் போரை நடத்திக்கொண்டிருந்த சர்ச்சிலை மீண்டும் வடித்தார். உறவு அதற்குள் சீராகியிருந்தது.

1946-இல் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். சில காலம் அயர்லாந்தின் கால்வேயில் வாழ்ந்து, மரத்தில் மேரி மாதா உருவங்களைச் செதுக்கினார். ‘ரஷ்யன் போர்ட்ரெய்ட்ஸ்’ (1921), ‘நியூடா வெரிட்டாஸ்’ (1927) ஆகியவை அவருடைய அறியப்பட்ட நூல்கள். மகனின் நினைவாக ஓக் மரத்தில் அவர் செதுக்கிய மாதா சிலை, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஃபிரீவன் குடும்பத்தின் ஊரான பிரீட் தேவாலயத்தில் உள்ளது.