புளித்த புல்லும் செம்மறிக் குட்டியும்

வேல்ஸ் நாட்டு மலைச்சாரல்களில் செம்மறி வளர்ப்போர்க்கு இலையுதிர் காலத்தின் இறுதி கவலைக்குரிய பருவமாகும். வசந்தத்தில் பிறந்த குட்டிகளில் ஒரு பகுதி, கோடை முழுவதும் மேய்ந்தும் சந்தைக்கு வேண்டிய சதைப்பற்று ஏறாமல் நின்றுவிடும். மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கிவிட்டால் புல் வளர்ச்சியும் நின்றுவிடும். அக்குட்டிகளை மெலிந்த நிலையிலேயே விற்றுவிடுவதா, விலை கொடுத்துத் தானியம் வாங்கிக் கொழுக்க வைப்பதா, அன்றிக் கோடையில் சேமித்த புல்லைக் கொண்டே தேற்றுவதா என்பதே அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

புல்லைக் காயவைத்துச் சேமிக்கத் தொடர்ந்து சில நாள் வெயில் வேண்டும். மழை மிகுந்த வேல்ஸில் அதனை நம்பி இருக்க முடியாது. ஆகவே பசும்புல்லை வெட்டிச் சற்றே வாடவிட்டு, காற்றுப் புகாதபடி அழுத்தி மூடிப் புளிக்க வைக்கின்றனர். சைலேஜ் எனப்படும் இதனைத் தமிழில் ஊறுகாய்ப் புல் என்பர். புல்லிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும் நுண்ணுயிர்களே இவ்வேலையைச் செய்கின்றன. இட்டிலி மாவைப் புளிக்க வைப்பவையும் இவற்றின் உறவினங்களே. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4 அளவுக்கு இறங்கிவிட்டால் புல்லை அழுகச் செய்யும் கிருமிகள் தலையெடுக்க மாட்டா. இயற்கைப் புளிப்பை எதிர்பாராமல் அமிலத்தையே புல்லில் தெளித்துக் காக்கும் முறையைக் கண்டவர் பின்லாந்து விஞ்ஞானி ஆர்த்தூரி விர்த்தானென். 1945-ல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

எனினும் புளித்த புல் பசும்புல்லுக்கு ஈடாகாது. புளிக்கும்போது புரதத்தின் பெரும்பகுதி சிதைந்து அம்மோனியா முதலிய எளிய பொருள்களாகிவிடுகிறது. ஆட்டின் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைக் கொண்டு மீண்டும் புரதம் கட்ட வேண்டுமாயின் அவற்றுக்குச் சர்க்கரை தேவை. அச்சர்க்கரையோ முன்பே அமிலமாகிவிட்டது! எஞ்சும் அம்மோனியா ஈரலில் யூரியாவாகி, சிறுநீரில் வீணே போகிறது. மேலும், செம்மறி ஆடு இப்புல்லை, குறிப்பாக நீளமாக வெட்டியதை, குறைவாகவே தின்னும். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் கூடுதலாகத் தின்னும். மாட்டைவிட ஆட்டிடம் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இக்காரணங்களால் ஊறுகாய்ப் புல்லை மட்டும் தின்ற குட்டி, தானியம் தின்ற குட்டியைவிட மெதுவாகவே எடை கூடும். குடல் நிறையப் புல் இருப்பதால், உயிர் எடையில் இறைச்சியாகக் கிடைக்கும் பங்கும் குறையும்.

ஆனால் இறைச்சியின் தரம் வேறு கதை. புல்லிலுள்ள லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு, பதமாகப் புளித்த புல்லில் பெரும்பாலும் நிலைத்திருந்து, ஓரளவு இறைச்சியிலும் சேர்கிறது. தானியத் தீனியிலோ ஒமேகா-6 வகையே மிகும். பசும்புல்லில் உள்ள அளவு இல்லாவிடினும், புளித்த புல்லில் எஞ்சும் வைட்டமின் ஈ, கடையில் வைத்த இறைச்சியின் செந்நிறம் விரைவில் பழுப்பாகாமல் காக்கிறது. சுவையைப் பொறுத்தவரை வழக்கமே நீதிபதி. புல் தின்ற ஆட்டின் அழுத்தமான மணத்தைப் பிரிட்டானியர் விரும்புவர்; பாலும் தானியமும் தின்ற இளங்குட்டியின் மென்சுவையை ஸ்பானியர் விரும்புவர். இதில் எவரும் எவரையும் குறைகூற இடமில்லை.

அரைகுறையாகப் புளித்த புல்லே பேராபத்து. அறுக்கும்போது மண் கலந்து, பிறகு மூடாக்கின் கிழிசல் வழியே காற்றும் புகுந்தால், லிஸ்டீரியா என்னும் கிருமி பெருகும். அது மூளையைத் தாக்க, ஆடு ஒரே பக்கமாக வட்டமிட்டுச் சுற்றி, முகத்தின் ஒரு பாதி தொங்கி, சில நாள்களில் மாண்டுபோகும். சிக்கனம் கருதிக் கெட்ட புல்லைப் போடுபவர் மந்தையையே பணயம் வைக்கிறார்.

வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஆராய்ச்சியாளர் இதற்கெல்லாம் ஓரளவு பரிகாரமாகச் சிவப்புக் குளோவர் என்னும் அவரையினத் தீவனத்தை ஆராய்ந்தனர். அதிலுள்ள ஒரு நொதிப்பொருள் புரதம் சிதைவதைத் தடுப்பதோடு நல்ல கொழுப்பையும் காக்கிறது. அதனைத் தின்ற குட்டிகள் ரைப்புல் தின்றவற்றைவிட விரைவாக வளர்ந்தன. ஆயினும் பெண்மைச் சுரப்பு நீரை ஒத்த பொருள் அதில் இருப்பதால், இறைச்சிக்குச் செல்லும் குட்டிகளுக்கு அதனைத் தருவோர், சினைக்கு விடும் பெட்டை ஆடுகளை அதனருகே விடுவதில்லை.