வரி முறிவின் மாற்றமும் அதன் காரணமும்

அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்த காலத்தில், ஒருமுறை கோத்த வரி தானாக மாறியதில்லை. கணினி அச்சுக்கோப்பிலோ, நேற்று ஒரு சொல்லில் முடிந்த வரி இன்று வேறொரு சொல்லில் முடிதல் உண்டு. வரி பெயரப் பக்கம் பெயரும். பக்கம் பெயரவே, அச்சுப்படி திருத்துவோர் முன்னர்ச் சரிபார்த்த பக்க எண்கள் பொய்யாகும். ஆகலின் இம்மாற்றத்தின் காரணத்தை அறிதல் நூல் பதிப்போர்க்கு இன்றியமையாததாம்.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத் 1977ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய ‘டெக்’ என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது வரிகளைத் தனித்தனியே முறிப்பதில்லை; பந்தி முழுவதையும் ஒருங்கே நோக்கும். கனூத்தும் மைக்கேல் பிளாசும் 1981இல் விளக்கிய முறைப்படி, சொல்லிடைவெளி விரிதலுக்கும் சுருங்குதலுக்கும் ஏற்ப ஒவ்வொரு வரிக்கும் குறைப்புள்ளி இடப்படும். கூட்டுத்தொகை மிகக் குறைந்த முறிவுகளே கொள்ளப்படும். எனவே பந்தியின் இறுதியில் ஒரு சொல் மாறினும் அதன் முதல் வரி மாறக்கூடும்.

இம்முறிவுக் கணக்கு முழுவெண்களால் நடைபெறுவது. ஆதலால் மூலமும் எழுத்துருவும் சொற்பிரிப்பு விதிகளும் ஒன்றாயின், எந்தக் கணினியிலும் முறிவு ஒன்றே. முறிவு வேறுபடின், இம்மூன்றனுள் ஒன்று வேறுபட்டதென்பது தெளிவு.

மூலம் மாறவில்லை என ஆசிரியர் எண்ணும்போதும் அது மாறியிருத்தல் கூடும். ‘லாடெக்’ தொகுதியில், வேறோர் இடத்தைச் சுட்டும் பக்க எண் முதல் ஓட்டத்தில் அறியப்படாமையால் இரண்டு வினாக்குறிகள் இடப்படும். எண் துணைக்கோப்பிற் பதியப்பெற்று, அடுத்த ஓட்டத்திலேயே உரையிற் புகும். நீளம் மாறுதலால் வரியும் மாறும். அன்றைய திகதியைத் தானே இடும் கட்டளையும் இத்தகையதே.

சிலவேளை இம்மாற்றம் முடிவின்றித் தொடரும். பக்க நிலைக்கேற்பச் சொற்றொடரை மாற்றும் துணைநிரல் ஒன்று, “அடுத்த பக்கத்திற் காண்க” என இடுகின்றது என்க. அத்தொடர் தான் நின்ற வரியையே அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாம். அங்கே குறிப்பும் பொருளும் ஒரே பக்கத்தில் அமைய, தொடர் நீக்கப்படும். நீக்கவே வரி முன்னைப் பக்கத்துக்கு மீளும். ஊசல்போல் அலையும் இந்நிலையில், மீண்டும் மீண்டும் ஓட்டுதலாற் பயனில்லை. ஆசிரியரே அவ்விடத்தில் மாறாத தொடர் ஒன்றை அமைத்தல் வேண்டும்.

ஏனைய இடங்களில், குறிப்புகள் மாறினவென்னும் எச்சரிக்கை ஒழியும்வரை ஓட்டுதலே முதற் பரிகாரம். பழைய துணைக்கோப்பை நீக்கி மீளத் தொடங்குதல் அடுத்தது. இரு கணினிகளின் முடிவுகள் மாறுபடின், பயன்பட்ட கோப்புகளின் பட்டியலை இரண்டிலும் பெற்று, எழுத்துருக்களையும் சொற்பிரிப்பு விதிகளையும் பதிப்பு எண்ணோடு ஒப்பிடல் வேண்டும்.

பொறியின் மனம்போன போக்கென்று தோன்றுவது, உண்மையில் நாம் காணாத ஒரு மாற்றத்தின் விளைவேயாம். அதனைத் தேடிக் கண்ட பின்னரே நூலை அச்சுக்கு விடுத்தல் பதிப்பாளர் கடன்.